தாமதமாக வந்த சரியான பதில்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு ஒரு கேள்வி. ஒரு கடிதத்தை டைப் செய்து பிரிண்ட் கொடுக்கிறீர்கள். திரையில் நீல வட்டம் சுற்றுகிறது. ஐந்து விநாடி, பத்து விநாடி ஆகிறது. பிறகு பிரிண்டர் மெதுவாக விழித்துக்கொண்டு தாளை இழுக்கிறது. உங்களுக்கு என்ன நஷ்டம்? ஒன்றும் இல்லை. கொஞ்சம் எரிச்சல், அவ்வளவுதான். எக்ஸ்பி காலத்தில் இதே இடத்தில் ஒரு மணல் கடிகாரம் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துப் பார்த்தே பொறுமையைக் கற்றுக்கொண்ட தலைமுறை எங்களுடையது.

விண்டோஸ் அப்படிப்பட்ட சிஸ்டம்தான். வேலையை முடிப்பதாகச் சொல்லும், எத்தனை மணிக்கு முடிப்பேன் என்று சொல்லாது. வீட்டில் உபயோகிக்க அது போதும். ஆனால் காரில் மோதல் நடந்தவுடன் காற்றுப்பையை விரிக்கச் சொல்லும் குட்டிக் கம்ப்யூட்டருக்கு அது போதுமா? நூறில் சில பங்கு விநாடிக்குள் அது முடிவெடுத்தாக வேண்டும். ஒரு விநாடி கழித்துப் பை மிகச் சரியாக விரிந்து என்ன பயன்? நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் தாமதம் என்பது வெறும் தாமதம். அங்கே தாமதமாக வந்த சரியான பதிலும் தவறான பதில்தான்.

இப்படி நிஜ உலகின் பொருட்களோடு பிணைக்கப்பட்ட கம்ப்யூட்டர் அமைப்புகளைச் 'சைபர்-ஃபிசிக்கல் சிஸ்டம்' என்கிறார்கள். ரயில் சிக்னல், மின்சார கிரிட், அணையின் ஷட்டர், ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்தின் அளவைக் கட்டுப்படுத்தும் கருவி எல்லாம் இந்த வகை. இவற்றில் சென்சார் ஓரிடத்தில் இருக்கும், கணக்குப் போடும் கம்ப்யூட்டர் வேறிடத்தில் இருக்கும், மோட்டார் இன்னோர் இடத்தில் இருக்கும். இவற்றுக்கு நடுவே செய்தியை வாங்கி, வரிசைப்படுத்தி, உரியவரிடம் உரிய நேரத்தில் சேர்க்கும் சாஃப்ட்வேருக்கு 'மிடில்வேர்' என்று பெயர். கண்ணுக்குத் தெரியாது. கடையில் பெட்டியில் வைத்து விற்கமாட்டார்கள். திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டவும் இதில் எதுவும் இல்லை. நம் ஊரில் இதற்கு மரியாதை இல்லாமல் போனதற்கு அதுவே காரணம் என்பது என் கட்சி.

இந்த மிடில்வேர் பற்றி எனக்கு முதலில் உறைத்த இடம் கம்ப்யூட்டர் அறை அல்ல, மேல்மலையனூர். அமாவாசை இரவு அங்கே போனவர்களுக்குத் தெரியும். அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்கு நள்ளிரவு நெருங்க நெருங்க கூட்டம் நெரியும். செஞ்சி பக்கமிருந்தும் திருவண்ணாமலை பக்கமிருந்தும் சிறப்புப் பஸ்கள் வந்து கொட்டிக்கொண்டே இருக்கும். சில வருடங்களுக்கு முன் அந்தக் கூட்டத்தில் நானும் என் மைத்துனனும் பிரிந்துவிட்டோம். போன் செய்தால் போகவில்லை. 'மாமா, தேர் பக்கத்துல நிக்கிறேன், வாங்க' என்று அவன் ஒரு எஸ்எம்எஸ் அனுப்பியிருக்கிறான். அது என் போனுக்கு வந்தபோது விடிந்திருந்தது. நான் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அவன் என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான்!

செய்தி தொலையவில்லை. ஒரு எழுத்துகூடப் பிழையில்லாமல் வந்தது. சும்மா ஐந்து மணி நேரம் தாமதம். எந்தக் கம்பெனி சிம் என்பது இங்கே முக்கியமில்லை. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் எஸ்எம்எஸ் என்பது 'வாங்கி வைத்துக்கொண்டு முடியும்போது அனுப்புவது' என்ற முறையில்தான் வேலை செய்கிறது. இத்தனை நிமிடத்துக்குள் சேர்ப்பேன் என்று அது யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. ஒரே டவரின் கீழ் பல்லாயிரம் பேர் நின்றால் கியூதான்.

அன்று சிரித்துவிட்டோம். 2024 டிசம்பரில் சிரிக்க முடியவில்லை.

ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது 2024 நவம்பர் 30 இரவு. அதுவும் ஒரு அமாவாசை இரவுதான். மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. திண்டிவனம், விழுப்புரம் வட்டாரம் தண்ணீரில் நின்றது, பல ஊர்களில் கரண்ட் இல்லை. மறுநாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் சரிந்து 7 பேர் இறந்தார்கள். அதற்கு அடுத்த இரவு, டிசம்பர் 2 விடிவதற்குள், சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட தண்ணீர் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடியைத் தொட்டது.

இந்த எண்ணை நம் கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கலாம். ஒரு கன அடி 28.3 லிட்டர். அப்படியானால் விநாடிக்குச் சுமார் 47 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் ஏறக்குறைய 400, ஒவ்வொரு விநாடியும் ஆற்றில் கவிழ்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கைச் செய்தி ஐந்தே நிமிடம் எங்கோ ஒரு கியூவில் நின்றால், அதற்குள் சுமார் 140 கோடி லிட்டர் புறப்பட்டுவிட்டது என்று பொருள். தண்ணீர் கியூவில் நிற்காது.

தென்பெண்ணைக் கரையில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். அரசூர், இருவேல்பட்டுப் பகுதியில் வெள்ளம் ஏறி சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில் போக்குவரத்தே நின்றது. கடலூர் வரை குடியிருப்புகளுக்குள் தண்ணீர் புகுந்தது. பிறகு தொடங்கியது சண்டை. முன்னறிவிப்பு இல்லாமல் திறந்துவிட்டார்கள் என்றன எதிர்க்கட்சிகள். படிப்படியாகத்தான் திறந்தோம், ஒவ்வொரு முறையும் எச்சரிக்கை கொடுத்தோம் என்றது அரசு. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல இந்தப் பக்கம் இடமில்லை. ஆனால் அந்தச் சண்டை நாள்கணக்கில் நடக்க முடிந்தது என்பதே கம்ப்யூட்டர்காரனான என்னை உறுத்துகிறது. செய்தி புறப்பட்ட நேரம், ஊருக்குச் சேர்ந்த நேரம், ஒருவர் அதைப் பார்த்து 'சரி' என்று அழுத்திய நேரம், இந்த மூன்றும் ஆற்றங்கரைக் கிராமம் ஒவ்வொன்றுக்கும் பதிவாகி, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருந்தால் சண்டைக்கு என்ன வேலை? ஒரு பிரிண்ட்-அவுட் போதுமே.

சாத்தனூர் அணை இருப்பது திருவண்ணாமலை மாவட்டத்தில். நனைவது கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களும்தான். ஆறு மாவட்ட எல்லையில் நின்று அனுமதி கேட்பதில்லை. செய்தி மட்டும் ஒரு ஆபீசிலிருந்து இன்னொரு ஆபீசுக்கு, அங்கிருந்து தாலுகாவுக்கு, அங்கிருந்து கிராமத்துக்கு என்று இறங்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு மனிதர் விழித்திருக்க வேண்டும், ஒரு போனில் சார்ஜ் இருக்க வேண்டும், ஒரு டவரில் கரண்ட் இருக்க வேண்டும். பழைய காலத்தில் இந்த வேலையைத் தண்டோரா செய்தது. இழிவான வழக்கம் என்று 2022-இல் தமிழக அரசு அதை நிறுத்தச் சொன்னது. மிகவும் சரியான முடிவு. ஆனால் தண்டோராவுக்கு ஒரு குணம் இருந்தது. பறையடித்தவர் தெருவைக் கடந்துவிட்டால் தெரு கேட்டுவிட்டது என்று அர்த்தம். நாம் இப்போது அனுப்பும் வாட்ஸ்அப் செய்திகளுக்கு அந்த அர்த்தம் உண்டா? நள்ளிரவில் இரண்டு நீல டிக் வராவிட்டால் யாராவது கவலைப்படுகிறார்களா?

மிடில்வேர் இதைத்தான் கவனிக்கிறது. அது எப்படி என்பதைத் தபாலை வைத்தே புரிந்துகொள்ளலாம். எம்க்யூடிடி என்று ஒரு முறை இருக்கிறது. 1999-இல் ஐபிஎம் நிறுவனத்தின் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க்கும், ஆர்லன் நிப்பர் என்பவரும் எண்ணெய்க் குழாய்களைச் சாட்டிலைட் வழியாகக் கண்காணிப்பதற்காக உருவாக்கியது. அதில் செய்தி அனுப்ப மூன்று தரம் உண்டு. பூஜ்யம் என்றால் போஸ்ட் கார்டு: பெட்டியில் போட்டாயிற்று, சேர்ந்தால் சரி. ஒன்று என்றால் ஒப்புகை அட்டையோடு போன அந்தக் காலத்துப் பதிவுத் தபால்: அட்டை திரும்பி வரும் வரை மறுபடி மறுபடி அனுப்பும், அதனால் ஒரே கடிதம் இரண்டு முறை சேரலாம். இரண்டு என்றால் ஒரே ஒரு முறை, நிச்சயமாகச் சேர்க்கும். 'மோட்டாரை ஆன் செய்' என்ற கட்டளை இரண்டு முறை போனால் பாதகமில்லை. 'ஷட்டரை இன்னும் ஒரு அடி தூக்கு' என்பது இரண்டு முறை போனால்? மூன்றாவது தரம் எதற்கு என்று இப்போது புரிகிறதல்லவா!

ஆனால் இந்த மூன்றிலும் ஒன்று குறைகிறது. நேரம்! சேர்ப்பேன் என்கிறது, எப்போது என்று சொல்லவில்லை. நம்மிடம் 2013 ஜூலை வரை தந்தி இருந்தது. தந்திக்காரர் சைக்கிள் தெருவில் திரும்பினாலே வீட்டில் அழுகை ஆரம்பித்துவிடும். அந்த அவசரத்தைச் சாஃப்ட்வேரில் எழுதி வைத்தது டிடிஎஸ் என்ற இன்னொரு மிடில்வேர் தரநிலை. 2004-இல் வந்தது. இன்று ரோபோக்களுக்கான ஆர்ஓஎஸ்-2 சாஃப்ட்வேர் பெரும்பாலும் இதன் மேல்தான் ஓடுகிறது. இதில் ஒவ்வொரு செய்திக்கும் நிபந்தனைகள் எழுதலாம். 'ஒவ்வொரு பத்து விநாடிக்கும் நீர்மட்டம் வர வேண்டும், வராவிட்டால் இரு பக்கமும் மணி அடி' என்பது ஒன்று. 'ஒரு நிமிடத்துக்கு மேல் பழையதான செய்தியைத் தூக்கி எறி' என்பது இன்னொன்று. இந்த இரண்டாவதைப் புதியவர்கள் லேசாக எடுத்துக்கொள்வார்கள். எடுத்துக்கொள்ளாதீர்கள். இரவு 11 மணி நீர்மட்டம் அதிகாலை 3 மணிக்குத் திரையில் புத்தம் புதியது போல வந்து நின்றால், செய்தியே வராததைவிட அது ஆபத்து.

மூன்றாவது நிபந்தனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று சென்சார் அடிக்கடி சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சொல்வது நின்றால் அதுவே செய்தி. இது ஒன்றும் புது ஞானமில்லை. 1872-இலேயே அமெரிக்காவில் வில்லியம் ராபின்சன் என்பவர் ரயில் தண்டவாளத்தில் சிறு மின்சாரத்தை ஓடவிட்டு சிக்னல் இயக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். மின்சாரம் ஓடினால் பாதை காலி. ரயில் வந்து நின்றாலும் சிவப்பு, தண்டவாளம் உடைந்தாலும் சிவப்பு, பேட்டரி தீர்ந்தாலும் சிவப்பு. மௌனம் என்றால் ஆபத்து என்று எடுத்துக்கொள்ளும் புத்தி அதில் இருக்கிறது. நம் வெள்ள எச்சரிக்கையில் மௌனம் என்றால் 'ஒன்றும் பிரச்சினை இல்லை போலிருக்கிறது' என்று தூங்கப் போய்விடுகிறோம்.

கடிகாரம் சரியில்லாவிட்டால் இவை எதுவும் வேலைக்கு ஆகாது. 1991 பிப்ரவரி 25 அன்று சவுதி அரேபியாவின் தஹ்ரானில் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை ஒன்று அமெரிக்க வீரர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் விழுந்து 28 பேர் இறந்தார்கள். தடுக்க வேண்டிய பேட்ரியாட் சிஸ்டம் விழித்துத்தான் இருந்தது. அது நேரத்தைப் பத்தில் ஒரு விநாடியாக எண்ணியது. 0.1 என்ற எண்ணை பைனரியில் முழுமையாக எழுத முடியாது, நம் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு 0.333 என்று போய்க்கொண்டே இருப்பது போல. வெட்டி எறிந்த கடைசித் துணுக்குகள் நூறு மணி நேரத்தில் சேர்ந்து 0.34 விநாடி ஆனது. கண் இமைக்கும் நேரம்தான். அதற்குள் ஸ்கட் அரை கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். பேட்ரியாட் தவறான இடத்தில் தேடியது. திருத்தப்பட்ட சாஃப்ட்வேர் மறுநாள் வந்து சேர்ந்தது. இடையில் ஒரு முறை ரீபூட் செய்திருந்தால்கூட அந்தக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருக்கும்!

நடுவில் இருப்பவர்கள் குழப்புவதும் உண்டு. 1997 ஜூலை 4-இல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் சில நாட்களில் தானாகவே ரீசெட் ஆகத் தொடங்கியது. காரணத்தை ஒரு தாலுகா ஆபீஸ் கதையாகச் சொல்கிறேன். பீரோ சாவி பியூனிடம் இருக்கிறது. தாசில்தார் அவசர ஃபைலுக்காகக் காத்திருக்கிறார். பியூன் பீரோவைப் பூட்டிச் சாவியைக் கொண்டுவருவதற்குள் நடுவில் உட்கார்ந்திருக்கும் கிளார்க்குகள் 'டீ வாங்கி வா, ஜெராக்ஸ் எடுத்து வா' என்று அவரை விரட்டிக்கொண்டே இருக்கிறார்கள். பெரியவர் காத்துக்கிடக்கிறார், காரணம் நடுவில் இருப்பவர்கள். பாத்ஃபைண்டரில் வானிலை டேட்டா சேகரிக்கும் சிறு வேலை பியூன், தகவல் பஸ்ஸைக் கவனிக்கும் முக்கிய வேலை தாசில்தார். தீர்வு? சாவி கையில் இருக்கும் வரை பியூனுக்கும் தாசில்தார் மரியாதைதான், யாரும் வேலை சொல்லக்கூடாது. அந்த வசதி வண்டியில் இருந்த விஎக்ஸ்வொர்க்ஸ் சிஸ்டத்திலேயே ஏற்கெனவே இருந்தது. போட்டுவிடாமல் விட்டிருந்தார்கள். பூமியிலிருந்து அனுப்பி ஆன் செய்தார்கள், சரியாயிற்று. செவ்வாயில் இருக்கும் ஒன்றையே திருத்த முடிகிறது. சாத்தனூர் அவ்வளவு தூரம் இல்லை.

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று சொல்வது நியாயமில்லை. 2023-இல் உங்கள் போன் திடீரென்று வினோதமாக அலறி ஒரு சோதனைச் செய்தியைக் காட்டியது நினைவிருக்கலாம். அது செல் பிராட்காஸ்ட். எஸ்எம்எஸ் போல ஆளுக்கு ஒன்றாக அனுப்புவதில்லை, டவர் ஒரே முறை கத்தும், கீழே இருக்கும் எல்லாப் போனும் கேட்கும். மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில்கூட அதற்குக் கியூ கிடையாது. வெள்ளத்துக்கு அதுதான் சரியான வழி என்பேன். ஆனால் டவருக்குக் கரண்ட் வேண்டும். பேட்டரி தீர்ந்தால் முடிந்தது. இன்னொன்று, அது ஒருவழிப் பாதை. யார் கேட்டார்கள் என்று அதற்குத் தெரியாது. ஆகவே ஊருக்கு ஒரு ஒலிபெருக்கி, அதன் அருகில் ஒரு பொறுப்பான ஆள், அவர் அழுத்த ஒரு பட்டன் என்று திரும்பி வரும் வழி ஒன்றையும் போட்டே ஆக வேண்டும்.

ஷட்டரையும் கம்ப்யூட்டரே திறக்கட்டும் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்குச் சம்மதமில்லை. திறப்பது பொறியாளர் எடுக்கும் முடிவாகவே இருக்கட்டும். 'கரையோரம் இத்தனை ஊர்களில் இன்னும் பதில் வரவில்லை' என்று அவர் கண் முன் சிவப்பில் காட்டுவது கம்ப்யூட்டரின் வேலை. டெண்டரில் சென்சார் எத்தனை, திரை எத்தனை அங்குலம் என்று எழுதுகிறார்கள். 'அணையில் முடிவெடுத்த பத்து நிமிடத்துக்குள் கடைசிக் கிராமத்திலிருந்து ஒப்புகை வர வேண்டும், வராவிட்டால் இன்னார் போக வேண்டும்' என்ற ஒரு வரியை எழுதினால் மற்ற எல்லாமே அதற்கேற்ப மாறும். கண்ட்ரோல் ரூமில் பெரிய டிவி மாட்டுவதைவிட இதற்குச் செலவு குறைவு.

நீங்கள் வீட்டில் இருந்தே இதைச் செய்து பார்க்கலாம். முதலில் உங்கள் கம்ப்யூட்டரின் கடிகாரம். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், டேட் அண்ட் டைம் என்று போய் 'சிங்க் நவ்' அழுத்துங்கள். பிறகு 'மஸ்கிட்டோ' என்ற இலவச எம்க்யூடிடி சாஃப்ட்வேரை இறக்கிக்கொள்ளுங்கள். கொசுவேதான், பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு ஈஎஸ்பி-32 போர்டும், ஒரு அல்ட்ராசானிக் சென்சாரும் இருந்தால் மாடித் தொட்டியின் நீர்மட்டம் உங்கள் திரைக்கு வந்துவிடும்.

தண்ணீர் ஏறுவதைப் பார்த்து ரசித்த பின் அந்தப் போர்டின் ஒயரைப் பிடுங்குங்கள். சோதனையின் முக்கியப் பகுதி இதுதான். எம்க்யூடிடி-யில் 'கடைசி உயில்' என்று ஒரு வசதி உண்டு. போர்டு உயிரோடு இருக்கும்போதே 'நான் செத்தால் இதை எல்லோருக்கும் சொல்' என்று எழுதிக் கொடுத்துவிடும். எவ்வளவு நேரம் குரல் வராவிட்டால் செத்ததாகக் கொள்வது என்பதை நீங்களே வைக்கலாம். அந்த நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு பார்த்துவிட்டு மஸ்கிட்டோ உயிலைப் படித்துவிடும். நான் 10 விநாடி வைத்திருந்தேன். ஒயரைப் பிடுங்கிய 15 விநாடியில் 'தொட்டி பேசவில்லை' என்று திரையில் வந்தது.

பக்கத்தில் நின்று பார்த்த மைத்துனன், இதையே எங்கள் ஊர் ஏரி மதகில் வைத்தால் என்ன என்றான். வைக்கலாம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி மாமா, ராத்திரி ரெண்டு மணிக்கு ஏரி பேசலைன்னா இது யாரை எழுப்பணும்?" என்று கேட்டான். ப்ரோகிராமில் அதற்கான இடம் காலியாக இருந்தது. கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, முதல் நம்பராக அவனுடையதையே டைப் செய்தான்.